கியர் ஆயில் பண்டோங் (ரோஸ் சிரப் கலந்த பால்) நிறத்துக்கு மாறிவிட்டால்

காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் போயிருக்குமோ என்ற சந்தேகம் வந்ததும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருந்தால் பத்திரமான இடமாகப் பார்த்து நிறுத்தி அணைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தகடுகள் எஃகால் ஆனவை. அவற்றின் மேல் காகித நார் போன்ற உராய்வுப் பொருளைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அந்த நாருக்கு எண்ணெயைவிடத் தண்ணீர் மேல்தான் ஈர்ப்பு. தண்ணீர் ஊறினால் நார் உப்பும், பசை விடும், கடைசியில் தகட்டிலிருந்து உரிந்து வரும். இன்ஜின் ஓடாதவரை உள்ளே புகுந்த தண்ணீர் பெரும்பாலும் ஆயில் பேனின் (எண்ணெய் தங்கும் அடித்தட்டின்) அடியில் தனியாகத் தங்கிக் கிடக்கும். ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் பம்ப் அதை உறிஞ்சி, எண்ணெயோடு கடைந்து, டார்க் கன்வர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்), வால்வ் பாடி (எண்ணெயைப் பங்கிட்டு அனுப்பும் பாகம்), கூலர் குழாய் என்று எல்லா இடத்துக்கும் அனுப்பிவிடும்.

என் தங்கை கணவர் ஒருமுறை முழங்கால் அளவு தண்ணீரில் காரை விட்டுவிட்டார். மறுநாள் காலையில் போன். “மச்சான், ஸ்டார்ட் ஆவுது, நல்லாத்தான் ஓடுது. நானே ஓட்டிக்கிட்டு வந்துர்றேன்” என்றார். இழுவை வண்டிக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்க நினைத்தார். நான் தடுப்பதற்குள் கிளம்பிவிட்டார். வந்து சேர்ந்தபோது பேனில் இருந்தது எண்ணெயே இல்லை, ரோஸ் நிறக் கலவை. அன்று இரண்டு முறை எண்ணெயை வடித்து மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை இரண்டு வார இறுதிகளைத் தின்றது. அதனால்தான் இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன்.

டிப்ஸ்டிக்கில் (எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியில்) இளஞ்சிவப்பு, பால் கலந்த நிறம், நுரை

நல்ல ஏடிஎஃப் எண்ணெய், அதாவது ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய், தெளிந்த சிவப்பாக இருக்கும். பழையது பழுப்பாகும், கருகினால் கருக்கும். ஆனால் எதுவும் பால் போலக் கலங்காது. சாப்பாட்டுக் கடையில் வாங்கும் பண்டோங் நிறத்தில் இருந்தால் தண்ணீரோ, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டோ கலந்துவிட்டது என்று பொருள். அளவுக் கோட்டுக்கு மேலே எண்ணெய் நின்றாலும், கியர்பாக்ஸின் மூச்சுக் குழாய் ஓரம் நுரை வழிந்து காய்ந்திருந்தாலும் சந்தேகம் கூடும்.

சிவிடி (பெல்ட்டும் கப்பியும் வைத்து ஓடும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) எண்ணெய் எல்லாம் சிவப்பாக இருப்பதில்லை. பச்சையாகவும் மஞ்சளாகவும் வரும். அங்கே நிறத்தைப் பார்க்காதீர்கள், தெளிவைப் பாருங்கள். கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிய வேண்டும்.

சந்தேகம் தீரவில்லையா? சமையலுக்கு இனி எடுக்கப்போவதில்லை என்று முடிவுசெய்த பழைய தோசைக்கல்லை வீட்டுக்கு வெளியே சூடாக்குங்கள். அடுப்பை அணைத்து, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். சுத்தமான எண்ணெய் சத்தமில்லாமல் பரவும், லேசாகப் புகையும். தண்ணீர் இருந்தால் கடுகு தாளித்த மாதிரி படபடக்கும். டிப்ஸ்டிக்கே இல்லாத சீல் வகை கியர்பாக்ஸ் என்றால் வடிகால் போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

காருக்கு அடியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது ஏர்கான் தண்ணீர். நம் சிங்கப்பூர் ஈரக்காற்றில் அது சொட்டாவிட்டால்தான் கவலை.

வெள்ளத்தில் ஓட்டினேன், இன்னும் எதுவும் தெரியவில்லை

2010 ஜூன் 16 அன்று ஆர்ச்சர்ட் சாலையில் லியட் டவர்ஸ் வரை தண்ணீர் புகுந்தது. 2021 ஏப்ரல் 17 அன்று டனர்ன் சாலையை புக்கிட் தீமா கால்வாய்த் தண்ணீர் மூடியது. இங்கே திடீர் வெள்ளம் வந்தால் பொதுவாகச் சீக்கிரம் வடிந்துவிடும். தண்ணீர் போய்விட்டதே, ஆபத்தும் போய்விட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் போக அந்தச் சில நிமிடங்களே போதும்.

ஓடிக்கொண்டிருந்த கியர்பாக்ஸ் 80, 90 டிகிரி சூட்டில் இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் அது மூழ்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும் காற்று வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். மூச்சுக் குழாயின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். ஆக்சில் சீல் தேய்ந்திருந்தால் அதன் வழியாகவும் நுழையும்.

சக்கர மையத்துக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அது நனைந்திருந்தால் இன்ஜினுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கலாம். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். தண்ணீர் நின்ற உயரம் தெரியும்படி படம் எடுங்கள். ஒரு போல்ட்டைக்கூடத் தொடுவதற்கு முன் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். வெள்ளச் சேதம் உங்கள் காப்புறுதியில் இருந்தால், நீங்களே பிரித்த வண்டி என்பது இழப்பீடு கேட்கும்போது சிக்கலைக் கிளப்பும்.

பிறகு வண்டியை ஓர் இரவு அப்படியே நிற்கவிட்டு, குளிர்ந்த நிலையில் வடிகால் போல்ட்டைத் திறங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. ஆகவே முதலில் வருவது தண்ணீர்தான். தெளிந்த தண்ணீர் தனியாக வந்து, பின்னால் தெளிந்த சிவப்பு எண்ணெய் வந்தால், உங்களுக்கு நல்ல காலம். கலவை இன்னும் நடக்கவில்லை.

மழையிலேயே ஓட்டவில்லை, ஆனாலும் எண்ணெய் கலங்கியிருக்கிறது

அப்படியானால் ரேடியேட்டரைப் பாருங்கள். பல கார்களில் கியர் எண்ணெயைக் குளிரவைக்கும் குழாய் ரேடியேட்டர் தொட்டிக்கு உள்ளேயே இருக்கிறது. வேறு சிலவற்றில் கியர்பாக்ஸின் மேலேயே சிறு பெட்டியாக, ஒரு பக்கம் கூலண்ட், மறுபக்கம் எண்ணெய் என்று ஓடும். இரண்டுக்கும் நடுவே இருப்பது மெல்லிய உலோகச் சுவர். அது அரித்து ஓட்டை விழுந்தால் இரண்டும் கலந்துவிடும்.

இந்தக் கசிவு இன்ஜின் அணைந்த பிறகுதான் கியர்பாக்ஸைத் தாக்கும். வண்டி ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். அதனால் எண்ணெய் கூலண்டுக்குள் போகும். அணைத்ததும் பம்ப் நின்று எண்ணெயின் அழுத்தம் விழுந்துவிடும். சூடான கூலண்டின் அழுத்தமோ வெகுநேரம் நிற்கும். அப்போது கூலண்ட் கியர்பாக்ஸுக்குள் நுழையும். எனவே கூலண்ட் தொட்டியில் ரோஸ் நிறப் பிசின் மிதக்கும், கூலண்ட் அளவு குறைந்துகொண்டே போகும், வெளியே கசிவே தெரியாது. மூன்றும் சேர்ந்திருந்தால் எனக்கு வேறு சோதனை தேவையில்லை.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்றும் இதில் இருக்கிறது. குளிரில் உறையாமல் இருக்கத்தான் கூலண்ட், நமக்குத்தான் பனிக்காலமே இல்லையே என்று குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வருகிறார்கள். கூலண்டின் வேலையில் பாதி துருவைத் தடுப்பது. வருடக்கணக்கில் தண்ணீர் மட்டும் ஊற்றினால் அந்தத் தடுப்பு நீர்த்துப்போய், உலோகச் சுவர் உள்ளிருந்தே அரிக்கும்.

இந்த வகையில், ரேடியேட்டரையோ கூலர் பெட்டியையோ மாற்றாமல் எண்ணெயை வடிப்பது வீண் செலவு. அடுத்த இரவே மறுபடி கலந்துவிடும். கூலண்டில் இருக்கும் கிளைக்கால், வெறும் தண்ணீரைவிடக் கொடியது. உராய்வு நாரின் பசையை அது இன்னும் வேகமாக இளக்கும். பல நாள் இப்படி ஓட்டிவிட்டீர்கள் என்றால் வீட்டில் வடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வண்டியை கியர்பாக்ஸ் பிரிக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

எந்த இடத்தில் செய்வது, எவ்வளவு எண்ணெய் வாங்குவது

வீவக (அரசு அடுக்குமாடி வீடுகளின்) கார்நிறுத்துமிடத்தில் வண்டியைத் தூக்கிவைத்துப் பழுதுபார்க்க அனுமதி இல்லை. தரைவீட்டின் போர்ட்டிகோ, அல்லது இடம் கொடுக்கும் வொர்க்‌ஷாப் நண்பர். வேறு வழி கிடையாது. நான் செய்வதெல்லாம் பெரியப்பா வீட்டுப் போர்ட்டிகோவில், தரையில் தகரத்தட்டும் அட்டையும் விரித்துத்தான். இங்கே வேலை முடியாதென்றால் காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கும் கடைகள் உண்டு. எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் பாருவில் மலிவாக முடிக்கலாம் என்று கலங்கிய எண்ணெயோடு பாலத்தைக் கடக்க நினைக்காதீர்கள். வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து போகும் அந்த ஒரு மணி நேரம் கிளட்ச் தகடுகளுக்குச் செய்யும் கெடுதலை எந்த மலிவும் ஈடுகட்டாது.

எண்ணெய் உங்கள் வண்டியின் மேனுவல் கேட்கும் வகையாகவே இருக்க வேண்டும். டொயோட்டா டபிள்யூஎஸ், ஹோண்டா டிடபிள்யூ-1, நிசான் சிவிடிக்கு என்எஸ்-3 என்று ஒவ்வொன்றும் தனி. முதல் சில வடிப்புகளுக்கு அதே தரத்தை ஏற்கும் வேறு பிராண்டு வாங்கிச் செலவைக் குறைக்கலாம். வகையை மட்டும் மாற்றக் கூடாது. டீசல், மண்ணெண்ணெய், ஸ்பிரிட் ஊற்றிக் கழுவச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். சீலும் உராய்வு நாரும் அதைத் தாங்காது.

அளவைக் கணக்கிடுவோம். மொத்தம் 8 லிட்டர் பிடிக்கும் கியர்பாக்ஸில் வடிகால் போல்ட்டைத் திறந்தால் 3.2 லிட்டர் வருகிறது என்று வையுங்கள். மீதி டார்க் கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் நின்றுவிடும். முதல் வடிப்புக்குப் பிறகு பழைய எண்ணெய் 60 சதவீதம் இருக்கும், இரண்டாவதில் 36, மூன்றாவதில் 22, நான்காவதில் 13, ஐந்தாவதில் 8, ஆறாவதில் 5. ஆறு வடிப்புக்கு 19 லிட்டருக்கு மேல் ஆகும். ஒரே தடவை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கூலர் குழாய் வழியாகத் தள்ளினால் பழையதும் புதியதும் அவ்வளவாகக் கலக்காது. அதே கியர்பாக்ஸுக்குச் சுமார் 12 லிட்டர் போதும். நான் எப்போதும் ஒரு 4 லிட்டர் டப்பா கூடுதலாக வாங்கிவைப்பேன்.

வடிக்கும் வேலை

வண்டியை நான்கு ஜாக் ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் புகக் கூடாது. ஸ்டாண்டில் வைத்த பிறகு வண்டியைப் பலமாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள்.

வடிகால் போல்ட்டைத் தொடும் முன் எண்ணெய் ஊற்றும் போல்ட்டைத் திறந்து பாருங்கள். எண்ணெயை வடித்துவிட்டு, ஊற்றும் போல்ட் துருப்பிடித்துத் திறக்க வரவில்லை என்றால் வண்டி அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

வடித்த எண்ணெயை அளவு போட்ட பாத்திரத்தில் பிடித்து, எவ்வளவு வந்தது என்று எழுதிவையுங்கள். பேனைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். காகித, கம்பளி வகை ஃபில்டர் தண்ணீரை ஊறவைத்துக்கொள்ளும். அதை மாற்றியே ஆக வேண்டும். பேனில் இருக்கும் காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். மசி போல மென்மையான சாம்பல் படிவு வழக்கமானது. கண்ணில் படும் உலோகச் சில்லும், உரிந்த நார்த் துண்டும் வழக்கமானவை அல்ல. அவை இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். புதிய கேஸ்கெட்டோடு பேனை மூடும்போது போல்ட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, மேனுவல் சொல்லும் டார்க் (முறுக்கு விசை) அளவில் இறுக்குங்கள். அந்த அளவு மிகக் குறைவாகத்தான் இருக்கும். அலுமினிய மறை எளிதில் கிழிந்துவிடும்.

வடித்த அளவு புதிய எண்ணெய் ஊற்றுங்கள். இப்போது கூலரிலிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்பும் குழாயைக் கழற்றி, அதன் முனையோடு ஒளி ஊடுருவும் நீளக் குழாய் ஒன்றைப் பொருத்தி, அளவுப் பாத்திரத்துக்குள் விடுங்கள். எது போகும் குழாய், எது திரும்பும் குழாய் என்பதை மேனுவலில் உறுதிசெய்யுங்கள். முன்பு கழற்றிய பேட்டரி முனையை மாட்டுங்கள். உங்களுக்கு உதவி ஓர் ஆள். அவர் உள்ளே உட்கார்ந்து, பிரேக்கை அழுத்தி, பார்க்கிங் கியரில் ஸ்டார்ட் செய்வார். நீங்கள் பாத்திரத்தைப் பார்ப்பீர்கள். ஒன்றரை லிட்டர் வந்ததும், அல்லது குழாயில் காற்றுக்குமிழி தெரிந்ததும் “ஆஃப்” என்று கத்துங்கள். பம்ப் வறண்டு ஓடக் கூடாது. எண்ணெய் வேகமாக வரும், அரை நிமிடம்கூட ஆகாது. எனவே அந்த ஆள் போனைப் பார்ப்பவராக இருக்க வேண்டாம்.

வந்த அளவு மறுபடி ஊற்றுங்கள், மறுபடி ஸ்டார்ட். முதலில் பண்டோங் வரும், பிறகு வெளிறிய ரோஸ், பிறகு கலங்கிய சிவப்பு. தெளிந்த சிவப்பு வரும்வரை தொடருங்கள். நடுவில் ஓரிரு முறை, குழாயைத் திரும்ப மாட்டிவிட்டு, பிரேக்கை விடாமல், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் ஒவ்வொன்றிலும் ஐந்து நொடி வையுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு கிளட்ச் அறையிலும் நிற்கும் கலங்கிய எண்ணெய் வெளியேறும். அந்த நேரத்தில் வண்டிக்கு அடியில் யாரும் இருக்கக் கூடாது.

கடைசி அளவு பார்ப்பதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல். சீல் வகை கியர்பாக்ஸில் எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில் அளவுத் துளையைத் திறந்து, அதிகமானதை வழியவிட வேண்டும். பல வண்டிகளில் அந்தச் சூடு 40 டிகிரிக்கு அருகில். குளிர் நாட்டுக்காரருக்கு அதை எட்ட நிதானமாக நேரம் கிடைக்கும். இங்கே மதியம் போர்ட்டிகோவில் நிற்கும் வண்டியின் எண்ணெய் 32, 33 டிகிரியில்தான் தொடங்கும். சில நிமிடங்களில் எல்லை தாண்டிவிடும். அதனால் அளவு பார்க்கும் வேலையை நான் காலை ஏழு மணிக்குச் செய்கிறேன். காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி ரீடரில் கியர் எண்ணெயின் சூட்டைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள், ஊகம் வேண்டாம்.

பிறகு வீட்டைச் சுற்றி மெதுவாக ஓட்டுங்கள். விரைவுச்சாலை வேண்டாம். ஒரு 20 கிலோமீட்டர் ஓடி நன்றாகச் சூடேறியதும் நிறுத்தி, மறுநாள் குளிர்ந்த நிலையில் மறுபடி ஒரு வடிப்பு. 500 கிலோமீட்டருக்குப் பிறகு இன்னொன்று. சூட்டில் தண்ணீர் ஆவியாகித் தானே போய்விடும் என்று சொல்வார்கள். கொஞ்சம் போகும். அது போய் முடிவதற்குள் நார் ஊறிவிடும்.

வடித்த எண்ணெயை ஒரு சொட்டுகூட வாய்க்காலில் விடாதீர்கள். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. வீட்டு வாசல் வடிகாலில் விழுவது நீர்த்தேக்கத்துக்குத்தான் போய்ச் சேரும், அதாவது நம் குடிநீருக்கு. பழைய டப்பாக்களில் அடைத்து, கழிவு எண்ணெய் எடுத்துக்கொள்ளும் வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். கலந்திருப்பது கூலண்ட் என்றால் அதையும் சொல்லிக் கொடுங்கள்.

வடித்த பிறகும் தொல்லை

மணிக்கு 50, 60 கிலோமீட்டர் வேகத்தில், லேசாக ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது, கோடுபோட்ட சாலையில் ஓடுவது போல ஓர் அதிர்வு வந்தால், டார்க் கன்வர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் பிடித்துப் பிடித்து விடுகிறது. தண்ணீரின் மிச்சமாக இருக்கலாம். இன்னும் இரண்டு வடிப்பு செய்து பாருங்கள். பலமுறை இதிலேயே சரியாகியிருக்கிறது. ரீடரில் பி0741 என்ற பிழைக் குறியீடு வந்து, அழித்தாலும் திரும்ப வந்தால் கன்வர்ட்டரைக் கழற்ற வேண்டியதுதான்.

டிரைவ் போட்டதும் இரண்டு, மூன்று நொடி தாமதித்து ‘டக்’ என்று பிடித்தால் முதலில் எண்ணெய் அளவைச் சரிபாருங்கள். வீட்டு வேலையில் அளவுக் குறைவுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பம்ப் ஓலமிடுவதற்கும் பெரும்பாலும் அதே காரணம்.

ஆக்சிலரேட்டர் மிதிக்க இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வண்டி ஏறாமல் வழுக்கினால், பி0730 குறியீடும் சேர்ந்து வந்தால், தகட்டு நார் போய்விட்டது. எத்தனை லிட்டர் ஊற்றினாலும் அது திரும்ப ஒட்டாது. சிஓஇ (காரை வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) முடிய எத்தனை வருடம் இருக்கிறது, கியர்பாக்ஸ் பிரிக்க எத்தனை வெள்ளி கேட்கிறார்கள் என்பதை எதிரெதிரே வைத்து முடிவு செய்யுங்கள். ஓராண்டே மிச்சமிருக்கும் காருக்கு முழு கியர்பாக்ஸ் வேலை செய்வதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

கியர் கண்டபடி மாறி, பி0715 போன்ற சென்சார் குறியீடு வந்தால், கனெக்டரில் ஈரம் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். கழற்றி, காயவைத்து, எலெக்ட்ரிக்கல் கிளீனர் அடித்தால் பல நேரம் சரியாகிவிடும்.

ஹைபிரிட் காரை வீட்டில் தொடாதீர்கள். பல ஹைபிரிட்களில் மோட்டாரின் சுருளே அந்த எண்ணெயில்தான் நனைந்திருக்கிறது. ஆரஞ்சு நிற வயர்களில் ஓடும் உயர் மின்னழுத்தத்துக்கு அருகே தண்ணீர் என்பது உயிருக்கு ஆபத்து. சிவிடியில் உலோக பெல்ட்டும் கப்பியும் துருப் புள்ளி விழுந்தால் தேயத் தொடங்கும்; அன்றே வடிக்க முடிந்தால் மட்டுமே முயலுங்கள்.

ஒவ்வொரு வடிப்பிலும் ஒரு சிறிய கண்ணாடிப் புட்டியில் எண்ணெய் எடுத்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒட்டி, வரிசையாக அடுக்கிவையுங்கள். 500 கிலோமீட்டர் புட்டி, கடைசி வடிப்பின் புட்டி போலவே தெளிந்திருந்தால் வேலை முடிந்தது. அது மறுபடி ரோஸ் ஆகியிருந்தால் தண்ணீர் வரும் வழி இன்னும் திறந்தே இருக்கிறது. எண்ணெய்க் கடைக்குப் போகாதீர்கள், ரேடியேட்டரைக் கழற்றுங்கள்.